வரப்புக்கு வந்த முதல் டிகாக்ஷன்

எண்பதுகளின் முற்பகுதி. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு விழிதியூரில். கணவருக்கு விவசாயம். எனக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்த நாளில், ஒரு புரட்டாசி மாதம், காலைப் பத்து மணி வெயிலில், எங்கள் வயல் வரப்பில் பன்னிரண்டு பெண்கள் முன்னால் நான் வாயடைத்து நின்றேன். இதைப் போய் எழுத வெட்கமாக இல்லையா என்று என் மகள் கேட்கிறாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அன்று என்னை அப்படி நிற்க வைத்தவளைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என் காபிப் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்வேன், காபி மட்டும் சரியாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் நான் முதலில் போய் நிற்கும் இடம் கடைத்தெருவில் இருந்த காபிக்கொட்டை அரைக்கும் கடைதான். எங்கள் அலுவலகப் பெண்கள் சிலர் சேர்ந்து, கடைகளில் ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று அவ்வப்போது கூடிப் பேசுவோம். அங்கே ஒருத்தி கற்றுக்கொடுத்த வித்தை இது. ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீரை எடுத்து அதன்மேல் காபித்தூளைத் தூவ வேண்டும். நல்ல காபி மிதக்கும். சிக்கரி கலந்திருந்தால் அது பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். இதைக் கற்றுக்கொண்டதிலிருந்து என் கைப்பையில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கும். மற்றவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, நான் கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கித் தூவிப் பார்ப்பேன். தலைகீழாக நின்றாலும் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு மிதப்பு.

கடைக்காரர் நல்ல மனிதர், வாய்த்துடுக்கும் உண்டு. என் தலையைப் பார்த்ததுமே, "மேடம் வந்துட்டாங்க, பரீட்சை ஆரம்பம்" என்பார். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருக்கும். என்னைப் போல் நாலு பேர் கேள்வி கேட்டால்தான் வியாபாரம் நேர்மையாக நடக்கும் என்று கணவரிடம் அடிக்கடி சொல்வேன். அவர் காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார்.

இனி என் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். பில்டரில் இறங்குகிற முதல் டிகாக்ஷன் எனக்கும் கணவருக்கும், யாராவது விருந்தாளி வந்தால் அவர்களுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாவது, பிள்ளைகள் பாலுக்கு. அதற்குப் பிறகும் அந்தச் சக்கையைச் சும்மா விட மாட்டேன். ஒரு பாத்திரத்தில் கொட்டி, தண்ணீரை விட்டுக் கொதிக்க வைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, பாலைப் பேருக்குக் காட்டி இறக்கினால், அதுதான் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பத்து மணிக் காபி. அதை ஊற்றிக் குடிக்க அலுமினியக் குவளைகள் தனியாக மாட்டுக்கொட்டகைக் கூரையின் தாழ்ந்த விளிம்பில், இறவாணத்தில் செருகியிருக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால் எல்லா வீட்டிலும் கைப்பையில் கண்ணாடித் தம்ளரை வைத்துக்கொண்டு நியாயம் பேசவில்லை, நான் பேசினேன்.

எங்கள் வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். அவள் ஒரு மூலையில் இறங்கி நட ஆரம்பித்தால் மற்றவர்கள் அவள் கைக்கு ஈடு கொடுக்கத் திணறுவார்கள். நாற்றை அவள் ஊன்றுவதே தெரியாது, ஊன்றிய இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அவளையும் அவளோடு வரும் பெண்களையும் பிடித்துவிட்டால் நடவைப் பற்றிய கவலை இல்லை என்று கணவர் சொல்வார்.

ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நாற்றங்காலே கருகிவிட்டது. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. என் சம்பளத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர்கள் தெருவில் பல வீட்டில் எரியவில்லை. தீபாவளி கழிந்ததும், மலைத்தோட்டத்தில் காபிப்பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு மேஸ்திரி வந்து சொல்ல, அவள் தன்னோடு நடவுக்கு வரும் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு லாரி ஏறிப் போய்விட்டாள். மலை எப்படி இருக்கும் என்றுகூட அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

மாசி மாதம் திரும்பி வந்தார்கள். வந்த இரண்டாம் நாள், அடுத்த வருஷம் வேலை உண்டா என்று கேட்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் கறுத்து இளைத்திருந்தாள், விரல்களில் கறை ஏறியிருந்தது. காபித் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றதும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. கொல்லைப் படியில் உட்காரச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"செவப்புப் பழமா பாத்துதான்மா பறிக்கணும். பச்சைக் காய் ஒண்ணு கூடையில கெடந்தாலும், சாயங்காலம் அத்தனையையும் சாக்குல கொட்டி, உக்காந்து பொறுக்கச் சொல்லுவாங்க. செடிக்குள்ள கைய வுட்டா செவப்பு எறும்பு மொய்ச்சுக்கும். கழுத்து, காது, கண்ணு இமை ஒண்ணு பாக்கி இருக்காது. காலையில பனியில பொடவை நனைஞ்சு ஒடம்போட ஒட்டிக்கும், வெயில் ஏறினாத்தான் காயும்" என்றாள்.

"அவ்வளவு கஷ்டப்பட்டா பறிக்கிறாங்க?" என்று நான் அதிசயப்பட்டேன். நான் தினமும் இரண்டு வேளை குடிப்பது எங்கிருந்து வருகிறது என்று அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பதிலுக்கு நானும் என் தம்ளர் சோதனையை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

பேச்சோடு பேச்சாக, வழக்கம்போல இறவாணத்துக் குவளையில் சக்கைக் காபியை ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். குவளைக்குள் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு, "அங்கன எங்களத் தங்கவச்ச லயத்துல பக்கத்து வூட்டுக்காரி ஒரு நாளு எங்களுக்கெல்லாம் காபி போட்டுக் குடுத்தாம்மா. பாலு கெடையாது, கடுங்காப்பிதான். அப்பதான் காபின்னா இப்புடி இருக்கும்னே எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் நான் செய்த அமர்க்களத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பழம் பறிக்கும் பெண்களை நன்றாக நடத்துகிற தோட்டம் எது, அந்தத் தோட்டத்துக் கொட்டையாகக் கொடுங்கள், இனிமேல் அதைத்தான் வாங்குவேன் என்று கடைக்காரரிடம் நின்றேன். அவர் கொட்டை வறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்க கேக்குறது நல்ல கேள்விதான். ஆனா எங்கிட்ட பதில் இல்லீங்களே! எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே எடத்துல சேத்து, தரம் பிரிச்சு ஏலம் வுடுறாங்க. எங்கிட்ட மூட்டை வர்றப்ப அது எந்த மலை, எந்த எஸ்டேட்டு, யாரு கை பறிச்சதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

ஏமாற்றமாக இருந்தாலும் மனசுக்குள் ஒரு திருப்தி. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம், இதற்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து, முதல் டிகாக்ஷனில் ஒரு காபி கலந்து குடித்தேன். அலுவலகத்தில் ஒரு வாரம் இதையே பேசினேன். எறும்புக்கடியைச் சொல்லும்போது எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது. வெறும் வயலையே பார்த்துக் கிடந்த ஊர் விழித்துக்கொண்டது. எங்கே பார்த்தாலும் உழவு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடவு. ஆட்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கணவர் நாலு நடை நடந்து அவளைப் பிடித்து நாள் குறித்தார். முதல் நாள் மாலையே நாற்றைப் பறித்து, சிறு சிறு முடிகளாகக் கட்டி, வயலில் போட்டாகிவிட்டது. பறித்த நாற்று காத்திருக்காது. அன்றைக்கே நட்டு முடித்தாக வேண்டும். நானும் விடுப்பு எடுத்திருந்தேன்.

பன்னிரண்டு பெண்கள் விடிந்ததும் இறங்கிவிட்டார்கள். பத்து மணிக்குள் கால்வாசி வயல் பச்சையாகிவிட்டது. நான் தூக்குவாளியில் காபியும் ஒரு கையில் அலுமினியக் குவளைகளுமாக வரப்புக்குப் போனேன். கணவர் மடையோரம் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் காலைக் கழுவிக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஊற்றிய முதல் குவளையை அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"குவளையோட அடி தெரியுது பாருங்கம்மா" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை.

"கடையில தூவிப் பாத்துதான் தூளு வாங்குவேன்னு சொன்னீங்க. நல்ல காபி மெதக்கும், கலப்படம் முங்கும்னீங்க. இதுல மெதக்குறதுக்கும் ஒண்ணும் இல்ல, முங்குறதுக்கும் ஒண்ணும் இல்லியேம்மா. நாங்க கூலிய ஏத்திக் கேக்கல. அந்தப் பழத்தப் பறிச்சது இந்தக் கைதான். அது எப்புடி இருக்கும்னு இந்த வாயிக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்க குடிக்கிறதுல ஆளுக்கு ஒரு தம்ளர் குடுங்க. இல்லாட்டி காபியே வேணாம், பச்சத் தண்ணி குடிச்சுக்கிறோம். அது பொய் சொல்லாது."

சொல்லிவிட்டுக் குவளையை வரப்பில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "வேணுங்குறவங்க குடிங்க. நான் யாரையும் தடுக்கல" என்றாள். ஒருத்தியும் குவளையைத் தொடவில்லை.

என் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாத்து காயுதுன்னு தெரிஞ்சுதானே இப்பக் கேக்குற? எறங்குறதா இருந்தா எறங்குங்க, இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கிறேன்" என்று கத்தினார். வேறு ஆள் அன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு வந்த ஆபத்து அதைவிடப் பெரியது. ஒரு வீட்டில் வரப்பேறி நியாயம் கேட்டவளை, நாளைக்கு எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். ஒரு வருஷம் அடுப்பு எரியாமல் கிடந்து, இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. அவளை நம்பி வந்த பதினோரு பேருடைய சோறும் அந்தக் குவளையில் இருந்தது. அது தெரிந்தேதான் கேட்டாள்.

அவள் அவர் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் கொல்லைப் படியில் உட்கார்ந்து அவள் சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் போனது. எறும்புக்கடியைக் கேட்டு உச்சுக்கொட்டிக்கொண்டே சக்கையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தவள் நான். நல்லவேளை அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் வீம்புக்காவது சண்டை போட்டிருப்பேன்.

தூக்குவாளியில் இருந்ததை வாய்க்கால் ஓரமாக ஊற்றினேன். "கொஞ்சம் இருங்க, வந்துடுறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கணவர் பின்னாலேயே வந்தார். "இத இன்னிக்குப் பழக்கிவுட்டா நாளைக்கு ஊரே நம்மளைக் காறித் துப்பும்" என்றார். "துப்பட்டுங்க. அவ கேட்டதுல என்ன தப்புன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இப்பவே நின்னுடுறேன்" என்றேன். அவர் மடையோரமே திரும்பிப் போனார்.

பில்டர் சிறியது, பன்னிரண்டு பேருக்குக் காணாது. டப்பாவில் இருந்த மொத்தத் தூளையும் பெரிய பாத்திரத்தில் கொதிநீரில் போட்டு மூடி, தெளிந்ததும் வெள்ளைத் துணியில் வடித்தேன். பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலை மிச்சமில்லாமல் காய்ச்சினேன். வாசனை தெரு வரைக்கும் போயிருக்கும். குவளைக்காகக் கொட்டகைப் பக்கம் போன காலைத் திருப்பி, அலமாரியைத் திறந்தேன். விருந்தாளிகளுக்கு எடுக்கும் எவர்சில்வர் தம்ளர்களை எண்ணி எடுத்துக் கூடையில் அடுக்கினேன். கூடையோடு படியிறங்கும்போது எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

நான் திரும்பிப் போனபோது அவர்கள் வரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வயலில் இறங்கி நட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்று காய்ந்துவிடக்கூடாது என்று, நான் வருவேனா மாட்டேனா என்று தெரியாமலே, அவள் அவர்களை இறக்கிவிட்டிருக்கிறாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிடிவாதம் பிடிக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிவாதத்துக்கு நடுவிலும் பயிரைக் காப்பாற்றியவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூப்பிட்டதும் வரப்பேறி வந்தார்கள். நான் தம்ளரில் ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அதை என் பக்கமே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க குடிங்கம்மா" என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் தூவிப் பார்த்து வாங்குவதைப் போல, அவளும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் தம்ளரை வாங்கிக்கொண்டு வரப்பில், அவர்கள் வரிசையிலேயே உட்கார்ந்தேன். சேற்றில் புடவை நனைந்தது. ஒரு வாய் குடித்தேன். துணியில் வடித்ததால் கொஞ்சம் மண்டி இருந்தது, சர்க்கரையும் தூக்கல். என் கணக்குக்கு அது மட்டமான காபிதான். நான் குடித்ததைப் பார்த்த பிறகு அவள் தனக்கு ஊற்றிக்கொண்டாள். எல்லாரும் குடித்தார்கள். கடைசியில் ஒருத்தி, "யக்கா, லயத்துல குடிச்சதவிட இது தேவலாம்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மடையோரம் நின்ற என் கணவருக்கு அவளே ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்துவிட்டது. கணவர் பயந்ததும் நடக்காமல் இல்லை. தெருவில் இரண்டு மூன்று வீட்டார் எங்களோடு சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளையும் அந்த வருஷம் அந்த வீடுகளில் கூப்பிடவில்லை. ஆனால் நட்ட பயிர் அவளுக்காகப் பேசியது. அப்படி நடுகிற கையை விட்டுவிட்டு அவர்களால் எத்தனை நாள் வீம்பு பண்ண முடியும்? அடுத்த சாகுபடிக்கு அவர்களும் தேடிப் போனார்கள். அவள் அங்கேயும் இதையேதான் கேட்டாளாம். என் கணவரோ, மறு நடவுக்குத் தூக்குவாளியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து, "சர்க்கரை பத்தலையாம், சொல்லச் சொன்னாங்க" என்று என்னிடம் குறை சொன்னார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. எல்லாருக்கும் முதல் டிகாக்ஷன் என்றால் கலப்பில்லாத தூளை அந்த அளவுக்கு வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் கடைக்குப் போய், கைப்பையைத் திறக்காமலே, சிக்கரி கலந்த தூள் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் அசந்துபோனார்.

"மேடம், நீங்களா சிக்கரி கேக்குறீங்க? தம்ளர் எங்கே?"

காரணத்தைச் சொன்னேன். அவர் நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். மேலே ஒரு கை அள்ளிப் போட்டதையும் நான் பார்த்தேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் காபி என்றால் சிக்கரி கலந்ததுதான். எனக்கும் அதுதான், வயலுக்கும் அதுதான், விருந்தாளிக்கும் அதுதான். பழகிவிட்டது. கண்ணாடித் தம்ளர் சமையலறை அலமாரிக்குப் போய், பிறகு எப்போதோ உடைந்தும் போனது.

காலம் எவ்வளவோ மாறிவிட்டது. சென்ற மாதம் என் மகள் ஒரு காபிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். தோட்டத்தின் பெயர், மலையின் பெயர், பறிப்பவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கிறோம் என்ற உறுதிமொழி எல்லாம் அதன்மேல் அச்சிட்டிருந்தது. அன்று நான் கேட்டதற்குக் கடைக்காரரிடம் இல்லாத பதில் இப்போது பொட்டலத்தின் மேலேயே வருகிறது. சந்தோஷமாக இருந்தது. படித்துவிட்டு மகளிடம், "நல்லதுதான் வாங்கியிருக்க" என்றேன். காபி போட்டு முடித்ததும், கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டு வேலைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, எங்களோடு மேஜையில் உட்காரச் சொன்னேன். ஒரே பாத்திரத்திலிருந்து மூன்று தம்ளரில் ஊற்றி, முதல் வாயை நான் குடித்தேன். அந்த வரப்பில் அவள் எனக்கு வைத்த பரீட்சையில் இன்றைக்காவது தேறினேனா என்று பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.